ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும்

அமீருன்னிசாவுக்கு யாரையும் சட்டென்று பிடித்துவிடாது. பனியனைப் பார்ப்பது போலத்தான் ஆட்களையும் பார்ப்பாள். முதலில் கழுத்து, பிறகு தோள், கை, கடைசியில் புரட்டிப் போட்டு உள்பக்கம். அருள்புரத்தில் ஒரே பனியன் கம்பெனியில், ஒரே செக்கிங் டேபிளில் இருபத்திரண்டு வருடம் நின்றவளுக்கு வேறு எப்படிப் பார்க்க வரும்? ராயபுரத்தில் அவள் தெருவுக்கு வந்த புது மருமகள்கள் அவளை எதிரே கண்டால் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள். அவள் கணவர் அலாவுதீன், "இவ கண்ணுக்குத் தப்பி ஊட்டுக்குள்ள ஒரு கொசு வராதுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அதில் பெருமை பாதி, பயம் பாதி.

அவள் வேலை இதுதான். தைத்து வரும் பீஸை டியூப் லைட்டுக்குக் கீழே விரிக்க வேண்டும். விட்டுப்போன தையல், ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்று எங்கே குறை இருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். கம்பெனியில் அதற்கு ஏரோ என்று பெயர். ஏரோ ஒட்டிய பீஸ் டெய்லரிடம் திரும்பிப் போகும். அவர் ஆல்டர் செய்து அனுப்புவார். சரியாக இருந்தால் அமீருன்னிசா ஏரோவை உரித்து எறிவாள். இல்லையென்றால் பீஸ் மறுபடியும் போகும், டெய்லர் எத்தனை திட்டினாலும் போகும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு டெய்லர் சோம்பேறித்தனப்பட்டு, குறையைத் தைக்காமல் ஏரோவை மட்டும் உரித்துவிட்டு அனுப்பினான். அந்தச் சரக்கு கடல் தாண்டிப் போய் அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கு புளோர் மேனேஜர் சாமியப்பன் ஒரு போர்டு எழுதி மாட்டினார். 'ஏரோவை ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும். வேறு யார் எடுத்தாலும் வேலை கிடையாது.' கீழே அவருடைய கையெழுத்து. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்கள் சார்பில் யார் வந்தாலும் முதலில் அந்தப் போர்டுக்கு முன்னால்தான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். அமீருன்னிசாவுக்குச் சாமியப்பனிடம் பிடித்தது என்று ஏதாவது இருந்தால் அந்தப் போர்டு ஒன்றுதான்.

மற்றபடி அந்த ஆளை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அவருக்கும் அப்படித்தான். ஆனால் சாமியப்பன் வாயில் மரியாதை குறையவே குறையாது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போதுகூட "வாங்க", "போங்க" என்றுதான் சொல்வார். ஒருவருடைய 'ங்க'வைக் கேட்டு எரிச்சல் வரும் என்பதை அமீருன்னிசா அவரிடம்தான் கற்றுக்கொண்டாள்.

நாற்பத்தேழு வயதில் அவள் உடம்பு புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கியது. நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து வழியாக ஏறி, காதைப் பொசுக்கும். இரண்டு நிமிடத்தில் ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். மாதவிலக்கு இரண்டு மாதம் வராது. வந்தால் அணை உடைந்தது போல வரும். தூக்கம் கிடையாது, முட்டி வலி வேறு. செக்கிங் டேபிளுக்கு அடுத்தாற்போல் அயர்ன் டேபிள்கள். நாள் முழுக்க அந்த நீராவி அவள் முதுகில் அடித்தது. கட்டடத்தின் மறுகோடியில் ஜன்னல் ஓரமாக ஒரு செக்கிங் டேபிள் இருந்தது. அங்கே மாற்றுங்கள் என்று சாமியப்பனிடம் ஆறு முறை கேட்டாள்.

"பார்க்கலாமுங்க அக்கா" என்றார் ஆறு முறையும்.

கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் டோக்கன் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முப்பது பெண்கள் உள்ள லைனுக்கு ஒரே ஒரு மரத் துண்டு. ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போனால் அவள் திரும்பும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருநாள் அமீருன்னிசா அப்படி நின்றாள். நின்ற இடத்திலேயே புடவை நனைந்தது. ஒரு துண்டுத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவள் போனபோது சாமியப்பன் எதிரே வந்தார்.

"ஏனுங்கக்கா, இந்த வயசுல அதெல்லாம் நின்னு போயிருக்கோணுமே?" என்றார். பக்கத்தில் அயர்ன் போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் சிரித்தார்கள். அமீருன்னிசா துணியை இறுக்கிக்கொண்டு நடந்தாள். நின்று பேசியிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும், அவர் பல்லும் போயிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பையர் அனுப்பியது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண் தொழிலாளர்களின் நலனுக்குக் கம்பெனி என்ன செய்கிறது என்று காட்டினால்தான் அடுத்த சீசன் ஆர்டர் என்றது அது. உடனே முதலாளி ஈஸ்வரமூர்த்திக்கு அக்காமார்கள்மேல் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பேனர் அடித்தார்கள். ரோஸ் மில்க் கலக்கினார்கள். எச்.ஆர். கீதாஞ்சலி, அமீருன்னிசாவின் மகள் தபஸ்ஸுமைவிட இரண்டு வயது மூத்த பெண், மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க உடம்பு, உங்க உரிமை" என்றாள்.

பிறகு ஆளுக்கு ஒரு பாரம் கொடுத்தாள். பதினான்கு கேள்வி. உடல் சூடு வருகிறதா, தூக்கம் வருகிறதா, கவனம் சிதறுகிறதா, கோபம் வருகிறதா என்று.

"உள்ளதை உள்ளபடி எழுதுங்கக்கா. இது எனக்கும் உங்களுக்கும் மட்டுந்தான். என்னைத் தாண்டி வெளிய போகாது" என்றாள்.

அமீருன்னிசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெரியாத்தாள். அதே டேபிளில் பதினைந்து வருடம் எதிரும் புதிருமாக நின்றவள், இரண்டு வயது மூத்தவள். ஊத்துக்குளியிலிருந்து தினமும் வருகிறவள். பெரியாத்தாள் பாரத்தைப் படிக்கக்கூட இல்லை. பதினான்கு இடத்திலும் 'இல்லை', 'இல்லை' என்று எழுதி மடித்துக் கொடுத்துவிட்டு ரோஸ் மில்க்கை வாங்கிக்கொண்டாள். முந்தின நாள்தான் தலை சுற்றி டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

அமீருன்னிசாவால் அப்படி எழுத முடியவில்லை. குறை இருக்கிற பீஸை நல்ல பீஸ் என்று ஒருநாளும் பாஸ் செய்ததில்லை. அந்தப் பழக்கம் பாரத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது. சூடு எத்தனை முறை, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று எழுதினாள். டோக்கன் கிடைக்காமல் நின்றதை எழுதினாள். 'சில சமயம் கையில் இருக்கும் பீஸ் எது என்றே ஒரு நொடி மறந்து போகிறது, உடனே திரும்பப் பார்த்துவிடுவேன்' என்றும் எழுதினாள். பக்கம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். ஏரோ அதிகம் விழுந்த பீஸை ஆல்டருக்கு அனுப்ப மாட்டார்கள், நேராகக் கழித்துக் கட்டிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் அவள் கையில் ஒரு ரோஜாவைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அது பேனரில் ஏறியது. 'நாற்பத்தைந்துக்குப் பின்னும் நலமே' என்ற எழுத்துக்குக் கீழே அமீருன்னிசா ஈயென்று இளித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாவது நாள் சாமியப்பன் டேபிளுக்கு வந்தார்.

"அக்கா, நாளையிலிருந்து நீங்க கீழ கைமடிக்குப் போயிருங்க. உக்காந்து நூல் பிசிர் வெட்டுனாப் போதுமுங்க. உங்க உடம்புக்கு நல்லதுங்க."

கைமடி என்றால் டெய்லருக்கு எடுத்துக் கொடுக்கிற, மடித்துக் கொடுக்கிற எடுபிடி வேலை. அமீருன்னிசா இருபத்துமூன்று வயதில் இந்தக் கம்பெனிக்குள் நுழைந்தபோது செய்த வேலை.

"நான் ஜன்னலோரம் டேபிள் கேட்டனுங்க. கைமடி கேக்கலீங்களே" என்றாள்.

"கம்பெனி உங்க நல்லதுக்குத்தானுங்க பண்ணுது. நீங்க போங்க."

டேபிளுக்கு அந்தப் பக்கம் பெரியாத்தாள் பீஸை விரித்தாள், மடித்தாள், விரித்தாள். தலையைத் தூக்கவே இல்லை. அமீருன்னிசா கத்தரிக்கோலை வைத்துவிட்டு, ஏரோ ரோலை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினாள். அதை யாரிடமும் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கீழே பதினெட்டு வயதுப் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து பிசிர் வெட்டினாள். அவள் ஒருகாலத்தில் ஏரோ ஒட்டித் திருப்பி அனுப்பிய டெய்லர்களெல்லாம், "ஏனுங்கக்கா, இந்தப் பக்கம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதைவிட உறுத்தியது ஒரு கேள்வி. தன்னை ஏன் மாற்றினார்கள்? ஒரு தப்பான பீஸ் தன் கையைத் தாண்டிப் போனதாக யாராவது காட்டட்டும், இந்தக் கம்பெனிப் படியை மறுபடி மிதிப்பதில்லை. கீதாஞ்சலியைப் போய்க் கேட்டாள். கீதாஞ்சலி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியலக்கா, சார்தான் முடிவு பண்ணாரு" என்றாள். அவள் கழுத்து சிவந்ததை அமீருன்னிசா பார்த்தாள். உள்பக்கம் ஏதோ குறை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

ஆடிட் தேதி வந்தது. பையர் சார்பில் சென்னையிலிருந்து ஒரு அம்மா வருகிறாராம். ஒரு வாரம் முன்பிருந்தே சாமியப்பன் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பதில் சொல்லிக் கொடுத்தார். "ரெஸ்ட் ரூம் எப்பங்க தெறந்திருக்கும்?" என்று அவர் கேட்க, "எப்பவும் தெறந்திருக்குமுங்க!" என்று எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ராகம் போட வேண்டும். அட்டைப்பெட்டி போட்டு வைத்திருந்த அறைக்கு ரோஜா நிறத்தில் பெயின்ட் அடித்து, மகளிர் ஓய்வறை என்று எழுதி, பெரிய பூட்டாகப் போட்டிருந்தார்கள். சாவி சாமியப்பன் சட்டைப் பையில். இரண்டு மாதத்தில் ஒரு பெண்ணும் அதற்குள் கால் வைத்ததில்லை.

ஆடிட் அன்று காலை சாமியப்பன் கைமடிக்கு வந்தார்.

"அக்கா, பேனர்ல இருக்கறது உங்க மொகமுங்க. அந்தம்மா வர்றப்ப நீங்கதான் ரெஸ்ட் ரூமுல ரெஸ்ட் எடுத்துட்டு இருக்கோணும். கட்டல்ல உக்காந்து ரோஸ் மில்க்கு குடிங்க. கேட்டா, தெனமும் வர்றேன்னு சொல்லுங்க. வேறெதும் வாயைக் குடுத்துட்டு உள்ள வேலையையும் கெடுத்துக்காதீங்க."

கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்.

கட்டில்மேல் மெத்தை. மெத்தைமேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் வழுக்கியது. ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து உடம்புச் சூடு கிளம்பியது. எழுந்து ஃபேன் சுவிட்சைப் போட்டாள். ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். புத்தம் புது ஃபேன்தான், ஒயர்தான் இல்லை. தண்ணீர் கேனைச் சாய்த்தாள், காலி. முதலுதவிப் பெட்டியில் ஒரு துணிச்சுருளும், போன வருடமே தேதி முடிந்த மாத்திரை அட்டையும்.

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மேஜைமேல் இருந்த நோட்டைப் பிரித்தாள். ஓய்வறைப் பதிவேடு. வாரம் மூன்று முறை அமீருன்னிசா வந்து இளைப்பாறியதாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இங்கிலீஷில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. அவள் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டதே கிடையாது. ஆறு எழுத்தையும் தமிழில் முழுசாக எழுதுவாள்.

நோட்டுக்குக் கீழே ஃபைல். அன்றைக்கு எழுதிய பாரங்கள். பையருக்குக் காட்டுவதற்காகக் கீதாஞ்சலி பிரித்துக்கூடப் பார்க்காமல் கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். முதல் பாரமே அவளுடையது. பின்பக்கம் அவள் எழுதியதற்குக் கீழே சிவப்பு மையில் சாமியப்பனின் கையெழுத்து: 'மறதி. கவனக் குறைவு. செக்கிங்கில் வேண்டாம்.'

அவள் நம்பிக் கொடுத்த காகிதத்தை வைத்தே அவளைக் கழித்துக் கட்டியிருக்கிறார்கள். அழுகை வரவில்லை. கோபந்தான் வந்தது, இருபத்திரண்டு வருடக் கோபம். கை தானாக இடுப்புக்குப் போனது. மெத்தை உறையில் ஒரு ஏரோ. சுவிட்சில் ஒன்று. ஆணியில் ஒன்று. கேனில், மாத்திரை அட்டையில், கதவில் தொங்கிய பூட்டில், பொய்க் கையெழுத்து ஒவ்வொன்றிலும். வெளியே எட்டி, சுவரில் மாட்டியிருந்த டோக்கனில் ஒன்று ஒட்டினாள். அடுத்தாற்போலிருந்த பேனரில் இளித்துக்கொண்டிருந்த தன் வாயிலேயே ஒன்று ஒட்டினாள். கடைசி ஏரோவைச் சிவப்பு மைக்கு நேராக, முனை சரியாக 'கவனக் குறைவு' என்ற சொல்லைத் தொடும்படி, நிதானமாக ஒட்டினாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து ரோஸ் மில்க்கை எடுத்துக்கொண்டாள். அது வெந்நீராகியிருந்தது.

ஆடிட் அம்மா உள்ளே வந்தார். பின்னால் ஈஸ்வரமூர்த்தி, சாமியப்பன், கீதாஞ்சலி. மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்ன இதெல்லாம், சிவப்பு சிவப்பா?" என்றார் அந்த அம்மா.

"டேமேஜ் இருக்கற எடமுங்க. நான் செக்கிங்குங்க. பாத்தா ஒட்டிருவனுங்க" என்றாள் அமீருன்னிசா.

ஈஸ்வரமூர்த்தி சிரிக்கப் பார்த்தார். "அக்காவுக்கு எப்பவுமே தமாசுங்க மேடம்" என்றார். சாமியப்பன் பாய்ந்து சுவிட்சில் இருந்த ஏரோவில் நகத்தை வைத்தார்.

"தொடாதீங்க சார்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "ஒட்டுனவங்கதான் எடுக்கோணும். போர்டு நீங்க எழுதுனது."

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்த அம்மாவை அதே போர்டுக்கு முன்னால் நிறுத்திப் பெருமை அடித்திருந்தார் சாமியப்பன். கை அந்தரத்தில் நின்றது. அந்த அம்மா ஒவ்வொரு ஏரோவையும் போட்டோ எடுத்துக்கொண்டார். பாரத்தைப் புரட்டிப் படித்தார். அமீருன்னிசாவிடம் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்று அவரும் கேட்கவில்லை. எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது ஈஸ்வரமூர்த்தியிடம் சொன்னார்:

"உங்க ரூல் எனக்குப் பிடிச்சிருக்கு. இங்கயும் அதேதான். ஒரு மாசத்துல மறுபடி வருவேன். ஏரோ எல்லாம் போயிருக்கணும், இவங்க கையாலதான் போயிருக்கணும். இவங்க வேலையில இல்லைன்னா நான் கேட்ட கேள்வி எல்லாம் அப்படியே நிக்கும்."

அந்த ஒரு மாதம் அமீருன்னிசாவோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. "ஆர்டர் போச்சுன்னா எல்லாரும் நடுத்தெருவுலதான் நிக்கோணும். உன்ற ஒருத்தி ரோசத்துக்கு நாங்க சாகறதா?" என்று பெரியாத்தாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். அமீருன்னிசா சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஆனால் வேலை நடந்தது. ஃபேனுக்கு ஒயர் வந்தது. சாமியப்பனே கைமடிக்கு வந்து, "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிட வேண்டியிருந்தது. அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டு நிதானமாகப் போவாள். ஃபேனை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதற்குக் கீழே உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஏரோவை உரிப்பாள். ஜன்னல் திறந்தது. பூட்டு போனது. டோக்கனே போனது. கீதாஞ்சலி பொய்க் கையெழுத்துப் பக்கங்களை அவள் கண்ணெதிரே கோடு போட்டு அடித்துவிட்டு, "மன்னிச்சிருங்கக்கா, சார் ஃபைலைக் கேட்டாரு, என்னால இல்லைன்னு சொல்ல முடியல" என்றாள்.

"சொல்லியிருக்கோணும்" என்றாள் அமீருன்னிசா. ஏரோக்களை உரித்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

கடைசியில் சிவப்பு மை ஒன்றுதான் பாக்கி. மூன்று நாளில் அந்த அம்மா வருகிறார். சாமியப்பன் ஒரு புது பாரத்தை நீட்டினார். "பழசைக் கிழிச்சுப் போட்டர்லாமுங்க."

"பீஸைக் கிழிச்சா ஆல்டர் ஆயிருமுங்களா?"

மறுநாள் அதே பாரத்தில் 'தற்போது உடல்நலம் பரவாயில்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நான் நல்லாயிட்டேன்னு யாருங்க சொன்னது? எனக்கு இன்னமும் வேர்க்குது. என்ற உடம்பையும் வேலையையும் முடிச்சுப் போடாதீங்க. திரும்பப் போகுது."

"என்னங்க வேணும் உங்களுக்கு?" 'ங்க' இருந்தது, ஆனால் அதன் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது.

"உண்மை வேணும். என்ற கையைத் தாண்டி ஒரு தப்பு பீஸ் போயிருக்குதா? போயிருந்தா அதை எழுதுங்க. நானே ஏரோவை உரிச்சுப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயர்றேன்."

சாமியப்பன் அன்று சாயங்காலம்வரை பழைய ரெக்கார்டுகளைப் புரட்டினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புரட்டினார். மூன்றாவது முறை பாரத்தோடு வந்தபோது ஈஸ்வரமூர்த்தியும் கூட வந்து நின்றார். சிவப்பு மையை ஒரே கோடாக அடித்து, கீழே நீல மையில் எழுதியிருந்தது: 'மேலே எழுதியது தவறு. இவர் பாஸ் செய்த பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. செக்கிங்கில் ஜன்னல் ஓர டேபிள்.' கையெழுத்து. அமீருன்னிசா அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். பிறகு ஏரோவை உரித்து, சாமியப்பன் நீட்டிய உள்ளங்கையில் ஒட்டிவிட்டு மாடி ஏறினாள்.

ஜன்னல் ஓரம் காற்று வந்தது. சாயக்கழிவு வாடையோடு வந்தாலும் காற்று காற்றுதான். அவள் முதல் பீஸை விரித்தாள். கொஞ்ச நேரத்தில் எதிரே ஒரு நிழல் வந்து நின்றது. பெரியாத்தாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை, ஒரு கை டேபிள் விளிம்பைப் பிடித்திருந்தது. அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் இப்போது அவள் ஒருத்திதான் நிற்கிறாள்.

"அமீரு" என்றாள் மெதுவாக. "அந்தப் பாரம் இன்னொண்ணு கெடைக்குமா? நான் அன்னைக்கு... எல்லாத்துக்கும் இல்லைன்னு எழுதிப்போட்டேன்."

அமீருன்னிசா அவளைப் பார்த்தாள். கழுத்து, தோள், விளிம்பைப் பிடித்திருந்த கை. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனதும் ஞாபகம் வந்தது. அதை மறக்கப் போவதில்லை.

"அது நீ எழுதுன பொய்யி. நான் வந்து ஆல்டர் பண்ண முடியாது" என்றாள்.

பெரியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினாள்.

"நில்லு" என்றாள் அமீருன்னிசா. இடுப்பிலிருந்து ரோலை எடுத்து, பதினான்கு ஏரோக்களை எண்ணிக் கிழித்து, டேபிள்மேல் அவள் பக்கமாகத் தள்ளினாள். "கீதாஞ்சலிகிட்ட உன்ற பழைய பாரத்தை வாங்கி, நீயே ஒட்டு."